நுழைந்தது, உட்காரவில்லை: பின்பட்டை மாற்றிய ஒரு லாரியின் நிகழ்வு ஆய்வு

"வண்டி நேராகத்தான் போகிறது தம்பி. நான்தான் கோணலாக உட்கார்ந்து ஓட்டுகிறேன்" என்றார் ஓட்டுநர். முறையீட்டை இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அன்று நான் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

எங்கள் பட்டறை பெங்களூருவின் தெற்கு ஓரத்தில், பொம்மசந்திராவில் ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. வருகிற வண்டிகளில் பாதி தமிழர்களுடையவை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சங்ககிரி என்று ஊர் சொல்பவர்கள். இந்த லாரியின் உரிமையாளரும் தருமபுரிக்காரர், அறுபதைத் தாண்டியவர். பின்னால் ஒரே ஒரு அச்சுள்ள சாதாரண லாரிகள் இரண்டு அவருக்கு உண்டு. இரண்டும் ஒரே மாடல், ஒரே நீளம். முன்னும் பின்னுமாக ஆறு டயர், பதிவுச் சான்றில் மொத்த எடை 16.2 டன். ஜிகணியில் கிரானைட் பலகை ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாயில் இறங்கிச் சேலம் போவதுதான் இரண்டுக்கும் பிழைப்பு.

கிரானைட் ஒரு ஏமாற்றுச் சரக்கு. 20 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ எடையிருக்கும். பத்து டன்னுக்குப் பலகைகளை நிறுத்திக் கட்டினாலும் தொட்டியில் முக்கால் பங்கு காலியாகத்தான் தெரியும். காலி இடத்தைப் பார்த்தால் எந்த உரிமையாளருக்கும் கை துறுதுறுக்கும். அந்த எடையைத் தாங்குவது பட்டை: வண்டியின் அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே வில்போல் வளைந்து நிற்கும் எஃகுத் தகடு. பல பட்டைகளை அடுக்கிக் கோத்தது ஒரு கட்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த வகை லாரிக்கு மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியபோது சந்தையில் பரவிய பேச்சு, 'இனி பட்டையைக் கனமாகப் போட்டால் போதும்' என்பது. பட்டையைக் கனமாக்கினால் பிரேக்கும் அச்சும் தாமாகக் கனத்துவிடும் என்பதுபோல. சாலையில் எடை போடுகிறவர் பட்டையை எண்ணுவதில்லை, பதிவுச் சான்றைத்தான் படிப்பார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

பெரியவருக்கு இது தெரியாமலில்லை. அவருடைய காரணம் வேறு: ஒரு லாரியில் வலப்பக்கப் பின்கட்டில் இரண்டு பட்டைகள் உடைந்துவிட்டன. ஆடி மாதம், யாரும் புதுவீட்டுக்குத் தரை போடாத காலம், லோடு குறைவு. 'மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இரண்டு பக்கமும் கொஞ்சம் கனமாகவே மாற்றிவிடுவோம்' என்று முடிவெடுத்தார். ஜே.சி. ரோட்டை ஒட்டிய உதிரிபாகச் சந்தையில் ஒரு கடையில் இரண்டு முழுக் கட்டுகள் வாங்கினார். வண்டி தயாரித்த நிறுவனத்தின் பாகம் அல்ல, வெளிச்சந்தைப் பாகம். கடைக்காரர் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை பட்டை, எவ்வளவு அகலம். பத்துப் பட்டை, 80 மில்லிமீட்டர். "அப்படியே உட்காரும்" என்று கட்டிக் கொடுத்துவிட்டார்.

இந்த 'உட்காரும்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. சந்தையில் அதற்கு 'துளையில் போல்ட் நுழையும்' என்பதே பொருள். பட்டறையில் அந்தப் பாகம் தன் இடத்தில், தன் அளவில், தன் கோணத்தில் இருந்தால்தான் உட்கார்ந்தது என்போம். இரண்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதுதான் இந்த வண்டியின் கதை.

எங்களிடம் வருவதற்கு முன்

கட்டுகளைச் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரே நாளில் மாற்றியிருக்கிறார்கள். பழைய கட்டு இரண்டும் அன்று மாலையே பழைய இரும்புக்குப் போய்விட்டன. லாரிப் பட்டைக்குக் கொல்லர்களிடம் எப்போதும் கிராக்கி; நல்ல அரிவாளுக்கு அதைவிடத் தோதான இரும்பு கிடையாது. இந்நேரம் அவற்றில் சில எந்தத் தோப்பிலோ இளநீர் சீவிக்கொண்டிருக்கும். எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கட்டு இல்லாமல் போனது அதனால்தான்.

மாற்றிய மறுவாரமே வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தே ஓட்டினார். வீல் அலைன்மென்ட் பார்க்க அனுப்பினார்கள். பார்த்தார்கள், ஸ்டீயரிங் நேரானது, இழுப்பு போகவில்லை. இன்னோர் இடம், பிறகு மூன்றாவதாக ஓர் இடம். மூவரும் முன்அச்சை மட்டுமே அளந்தார்கள். இழுக்கிறது என்றால் முன்சக்கரத்தில் கை வைப்பது இந்தத் தொழிலின் அனிச்சைச் செயல். மூன்றாமவர் முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடைத் திருகிச் சக்கரங்களை முன்னால் நெருக்கிவிட்டிருந்தார். அதன் பலனாக இரண்டு புது டயர்களும் வெளி ஓரத்தில் தேய்ந்து, கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம்போலவும் இருந்தன. பழி டயர் மேல் விழுந்தது. டயர் விற்றவரிடம் ஒரு சண்டையும் நடந்து முடிந்திருந்தது.

இதெல்லாம் செலவு மட்டுமே. வண்டியை எங்களிடம் கொண்டுவந்தது வேறொன்று. தொப்பூர் இறக்கத்தில் முன்சக்கரங்களிலிருந்து கருகல் வாசனை வருவதாக ஓட்டுநர் சொன்னார். "இருபது வருடமாக அந்தக் கணவாயில் இறங்குகிறேன். வாசனை வந்தால் நான்கு சக்கரத்திலும் வரும். முன்னால் மட்டும் வருவது புதிது" என்றார்.

மழைக்குப் பின்

வண்டி வந்த அன்று காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பட்டறைக்கு எதிரே காய்ந்துகொண்டிருந்த கான்கிரீட் சாலையில் ஒரு குட்டை. ஓட்டுநரை வண்டியைக் குட்டை வழியாக மெதுவாக நேரே ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தேன். மண்டியாப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் உதவியாளன்தான் முதலில் பார்த்தான். "சொட்டா, சொட்டா" என்று கத்தினான். கன்னடத்தில் கோணல் என்று பொருள். தலையில் முடி அதிகம் மிச்சமில்லாத ஓட்டுநர், யாரை இந்தப் பையன் சொல்கிறான் என்று சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பையன் காட்டியது சாலையிலிருந்த ஈரத் தடத்தை. முன்சக்கரத் தடத்தின் இரு பக்கமும் பின்சக்கரத் தடம் சமமாகப் படியவேண்டும். இங்கே பின்தடம் முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. டேப் வைத்துப் பார்த்தால் ஒன்பது சென்டிமீட்டர், ஐந்து விரற்கடை. தெருநாய் ஓடும்போது முன்னங்கால் ஒரு கோட்டிலும் பின்னங்கால் ஒரு கோட்டிலும் போகுமே, அப்படித்தான் இந்த லாரி இரண்டு மாதமாகச் சேலம் போய்வந்திருக்கிறது. 'நான்தான் கோணலாக உட்கார்ந்து ஓட்டுகிறேன்' என்றவர் முழு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவரோடு சேர்ந்து கேபினும் கோணலாகத்தான் போனது.

முன்னால் பிழையென்றால் பின்தடம் இப்படி ஒதுங்காது. பின்அச்சு தான் பார்க்கும் திசைக்கு வண்டியைத் தள்ளுகிறது. அந்தத் திசை வண்டியின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது அச்சின் வலமுனை பின்னால் போயிருக்க வேண்டும்.

தூக்குக் குண்டு

இதை அளக்க லேசர் தேவையில்லை. கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக் குண்டு, சாக்குக்கட்டி, டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, பட்டைக் கட்டின் முன்கண் மாட்டியிருக்கும் பின் என்ற இரும்புத் தண்டின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி. கட்டின் நடுவே எல்லாப் பட்டைகளையும் கோக்கும் சென்டர் போல்ட்டின் கீழ் இன்னொரு புள்ளி. கண் என்பது மெயின் பட்டையின் முனையைச் சுருட்டிய வளையம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம்தான் அச்சு அடிச்சட்டத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இடப்பக்கம் 680 மில்லிமீட்டர். வலப்பக்கம் 702.

22 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு கட்டுகளுக்கும் இடையே குறுக்காக ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு மீட்டருக்கு 22 மில்லிமீட்டர் சாய்வு என்றால், 4.2 மீட்டர் தள்ளி முன்சக்கரத்துக்கு வரும்போது அது 92 மில்லிமீட்டர். குட்டை காட்டிய ஒன்பது சென்டிமீட்டர் இதுதான். கணக்கும் தடமும் ஒத்துப்போனதும், டீ சொல்லி அனுப்பிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பெரியவரின் இரண்டாவது லாரி அப்போது கைகொடுத்தது. அதில் நிறுவனம் போட்ட கட்டு அப்படியே இருந்தது. அளந்தோம்: முன்கண்ணிலிருந்து நடு போல்ட்டுக்கு 680, நடு போல்ட்டிலிருந்து பின்கண்ணுக்கு 700. கட்டின் இரண்டு கைகளும் சமமல்ல. முன்கை 20 மில்லிமீட்டர் குட்டை. வலப்பக்கக் கட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டார்கள்!

இதில் மாட்டியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொத்த நீளம் எப்படித் திருப்பினாலும் 1380தான். இரண்டு கண்ணும் பின்னில் நுழைகின்றன, பின்கண்ணை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் தொங்கும் கோணம்கூட மாறவில்லை. நிறுவனத்தின் கட்டில் இரண்டாம் பட்டை முன்கண்ணை மட்டும் சுற்றி அணைத்திருக்கும், மெயின் பட்டை உடைந்தாலும் அச்சு கழன்றுவிடாதபடி. அதைப் பார்த்தாலே எது முன், எது பின் என்று தெரிந்துவிடும். வெளிச்சந்தைக் கட்டில் இரண்டு முனையும் ஒரே மாதிரி. முன்பக்கம் இது என்று காட்ட ஒரு முனையில் சிறு குத்துக் குறி இருந்தது உண்மை. மேலே பூசிய கறுப்புச் சாயத்தைச் சுரண்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

20 போக மிச்சம் 2

இரண்டு மில்லிமீட்டரை விட்டுவிடலாம் என்று பையன் சொன்னான். விட்டிருந்தால் அடுத்ததைப் பார்த்திருக்க மாட்டோம். சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேலுள்ள மேடையில் ஒரு துளையில் இறங்கி அமரும். அச்சை இடம் மாறாமல் பிடிப்பது அந்தத் தலை. மேடைத் துளை 22 மில்லிமீட்டர், புதுக் கட்டின் போல்ட் தலை 18. சுற்றிலும் 2 மில்லிமீட்டர் ஆட்டம். கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது.

யூ போல்ட் இறுக்கமாக இல்லை. மேடை ஓரங்களில் குங்குமம் கொட்டியதுபோல் சிவப்புத் துருப்பொடி. இரும்பும் இரும்பும் நுண்ணிதாக உரசும் இடத்தில்தான் அது வரும். காரணம் எளிது: புதுப் பட்டை ஒவ்வொன்றும் 13 மில்லிமீட்டர் தடிப்பு, பழையது 12. பத்துப் பட்டைக்குக் கட்டின் உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டது. யூ போல்ட்டை மட்டும் பழையதையே போட்டிருக்கிறார்கள். கீழே மரை போதவில்லை. இரட்டை நட்டு இருந்த இடத்தில் ஒற்றை நட்டு, அதுவும் போல்ட் முனையோடு முனையாக நின்றது. ஒருமுறை முறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி போடக்கூடாது என்பது தனி விதி. பட்டை நடுத்துளையில் உடைந்தால் பட்டையைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தளர்ந்த யூ போல்ட். முதலில் உடைந்த அந்த இரண்டு பட்டைகளும் எங்கே உடைந்தன என்று பெரியவரிடம் கேட்டேன். "நட்டநடுவில்" என்றார். அப்போதே கோளாறு இருந்திருக்கிறது. அதைத் தீர்க்காமல் தடித்த பட்டையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

கண்ணுக்குள் அமரும் உலோகக் குழலான புஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குள் அழுத்தினால் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், ரீமர் என்ற சீவுகருவி போட்டுத் திறந்த பிறகுதான் அந்த இரும்புத் தண்டு ஏறவேண்டும். இங்கே சுத்தியலால் ஏற்றியிருந்தார்கள். அச்சுக் கோணலால் பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்து, கண்ணைத் தாங்கும் ஹேங்கரின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னியது. கிரீஸ் உள்ளே போகவே வழியில்லை.

கருகல் வாசனை எங்கிருந்து வந்தது

நான் அதிக நேரம் உட்கார்ந்தது இதன் முன்தான். கோணலும் ஆட்டமும் சேர்ந்தாலும் முன்பிரேக் மட்டும் காய்வதற்கு அவை காரணமாகா.

இந்த வகை லாரியில் அடிச்சட்டத்தோடு ஒரு லோடு சென்சிங் வால்வு பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு கை, கையிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கி அச்சோடு சேரும். வால்வுக்கு எடை பார்க்கத் தெரியாது. உயரம் பார்க்கத்தான் தெரியும். சட்டம் அச்சை நெருங்கினால் 'லோடு இருக்கிறது' என்று எண்ணிப் பின்பிரேக்குக்கு முழுக் காற்றை விடும். விலகி நின்றால் 'காலி வண்டி' என்று எண்ணி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காற்றைக் குறைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டையின் இயல்பு மாறவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு.

பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 12-ஐ மும்முறை பெருக்கினால் 1728. 13-ஐப் பெருக்கினால் 2197. ஒரே ஒரு மில்லிமீட்டரில் விறைப்பு 27 சதவீதம் கூடிவிடுகிறது. கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் கண்ணில் பட்டிருக்காது. வெர்னியர் வைத்தால்தான் எனக்கே படும்.

சகோதர லாரியில் காலிக்கும் முழு லோடுக்கும் இடையே சட்டம் 80 மில்லிமீட்டர் இறங்கியது. அதே எடைக்கு விறைத்த கட்டு 63 மில்லிமீட்டர்தான் இறங்கும். போதாததற்குப் புதுக் கட்டின் கூடுதல் உயரமும் வளைவும் சேர்ந்து, வண்டி காலியாக நிற்கும்போதே 30 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. 63-இல் 30 போனால் 33. வால்வின் கண்ணுக்கு முழு லோடு என்பது 80 மில்லிமீட்டர் இறக்கம். அது பார்ப்பதோ 33, ஐந்தில் இரண்டு பங்கு. பத்து டன் கல்லோடு கணவாயில் இறங்கும் வண்டியை நான்கு டன் ஏற்றிய வண்டி என்று நினைத்துக்கொண்டு அது பின்பிரேக்கை அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரங்கள் மேல் விழுந்தது.

லோடோடு நிறுத்திக் காற்றழுத்த மானியை மாட்டிப் பார்த்தோம். மிதியை மிதித்து முன்பக்கம் 6 கிலோ காட்டும்போது, சமமாக வரவேண்டிய பின்பக்கம் 3-ஐ ஒட்டியே நின்றது. ஓட்டுநர் மானியைக் குனிந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவரோடு வாக்குவாதம்

கட்டைத் திருப்புவது, சரியான தலையுள்ள சென்டர் போல்ட், புது யூ போல்ட், ரீமர் போட்ட புஷ் இவற்றுக்கெல்லாம் அவர் உடனே ஒப்புக்கொண்டார். தடித்த கட்டையே கழற்றிவிட வேண்டும் என்றபோது முகம் மாறிவிட்டது. "வால்வின் கம்பியைத் திருகி நீளத்தைச் சரிசெய்தால் ஆகாதா தம்பி? இன்னொரு பட்டறையில் அப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

அது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. கம்பியைத் திருகினால் அந்த 30 மில்லிமீட்டர் தூக்கலை ஈடுகட்டலாம். விறைப்பை ஈடுகட்ட முடியாது. அப்போதும் முழு லோடில் 80-க்கு 63 தான். ஐந்தில் நான்கு பங்கு. காலியில் சரியாக இருக்கும், லோடில் குறையும். "மீதி ஒரு பங்கைத் தொப்பூரில் யார் மிதிப்பது அண்ணா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவனிடம் கேட்டுக்கொள். ஓட்டுகிறவன் அவன்தான்" என்றார். ஓட்டுநர் அங்கிருந்தே கையை அசைத்தார்: கழற்று.

12 மில்லிமீட்டர் கட்டு இரண்டு வந்தன. மாட்டுவதற்கு முன் தரையில் கிடத்தி, கண், கை நீளம், போல்ட் தலை, தடிப்பு எல்லாவற்றையும் சகோதர லாரியின் அளவோடு ஒப்பிட்டுச் சாக்குக்கட்டியால் 'முன்' என்று எழுதினோம். யூ போல்ட்டை வண்டியின் எடை அச்சின் மேல் இருக்கும்போதே, எதிரெதிர் மூலையாக, டார்க் ரென்ச்சால் முறுக்கினோம். முதல் லோடு இறக்கித் திரும்பியதும் மறுபடி முறுக்க வரச் சொன்னோம். வந்தபோது நான்கு நட்டுகள் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறின. புதுக் கட்டு படியும்போது அவ்வளவு இறங்குவது வழக்கம்தான். தூக்குக் குண்டு இரண்டு பக்கமும் 680 காட்டியது. மானியில் முன்னும் பின்னும் 6.

அன்று சேலத்திலிருந்து வந்த ஓட்டுநருக்கு ஒரே ஒரு குறை. வாசனை இல்லை, இழுப்பு இல்லை, ஆனால் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் கோணலாக நிற்கிறதாம். "இத்தனை நாள் நேராக இருந்தது, நீங்கள் தொட்ட பிறகுதான்" என்று இழுத்தார். மூன்று அலைன்மென்ட்காரர்களும் கோணல் வண்டிக்கு ஏற்றபடி ஸ்டீயரிங்கை நேராக்கி வைத்திருந்தார்கள். வண்டி நேரானதும் அது கோணலாகிவிட்டது. டை ராடைக் கையேட்டு அளவுக்குத் திருப்பிவைத்து, ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கை நான்கு திருகு திருகினேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகை ஒருமுறை நிமிர்த்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.